இரண்டாவது பச்சை

1

பச்சை எரிந்தால் கழட்டு. எனக்குத் தெரிந்த வேலை இதுதான். கும்மிடிப்பூண்டியில் இதைச் செய்தேன். இப்போது மலேசியாவில், பினாங்கிலும் இதைத்தான் செய்கிறேன்.

என்ன வேலை என்று முதலில் சொல்லிவிடுகிறேன். ஆலைக்குள் விஷக் கேஸ் கசிந்தால் ஊளையிடும் பெட்டி ஒன்று உண்டு. சுவரில் மாட்டியிருப்பார்கள். எங்கள் பக்கத்தில் கேஸ் டப்பா என்போம். அதற்குள் உள்ளங்கை அகலத்தில் ஒரு போர்டு இருக்கும். வெறும் போர்டுக்கு ஒன்றும் தெரியாது. கம்ப்யூட்டரிலிருந்து ஒயர் வழியாக அதற்குள் புரோகிராமை ஏற்ற வேண்டும். ஏறி முடிந்தால் போர்டில் பச்சை விளக்கு வரும். ஒயரைக் கழட்டிவிட்டு அடுத்த போர்டைச் செருக வேண்டும். அவ்வளவுதான்.

நான் பத்தாவது தாண்டாதவன். கட்டுரை எழுதிப் பழக்கமில்லை. என் தம்பி ஏழுமலை அப்படி ஒரு டப்பாவுக்குக் கீழே நின்றுதான் சம்பாதிக்கிறான். போன வாரம் நடந்ததை ஊரில் இருப்பவர்கள் படிக்க வேண்டும். அதற்காக எழுதுகிறேன்.

2

தம்பி வேலை செய்வது இரும்புக் கம்பி உருட்டும் ஆலையில். கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையின் கடைசியில் இருக்கிறது. உலையை எரிக்க நிலக்கரியிலிருந்து கேஸ் எடுப்பார்கள். அந்தக் கேஸில் இருக்கும் விஷத்துக்கு வாசனை கிடையாது. கண் எரியாது. தொண்டை கரகரக்காது. தலை வலிக்கும், அப்புறம் தூக்கம் வரும்.

டப்பா வருவதற்கு முன்னால் அங்கே நாகராஜ் என்று ஒருவர் இருந்தார். உலைக்குப் பின்னால் கேஸ் குழாய் வளையும் இடத்தில் ஓர் இரும்பு பெஞ்சு உண்டு. ஒருநாள் தலைவலி என்று சொல்லிவிட்டு அதில் போய் உட்கார்ந்தார். தைலம் வாங்கி வந்து பக்கத்தில் வைத்தார்கள். சாப்பாட்டு மணி அடித்தபோதும் எழுந்திருக்கவில்லை. அசதியாகத் தூங்குகிறான், விடு என்று மற்றவர்கள் சாப்பிடப் போனார்கள். திரும்பி வந்து எழுப்பினார்கள். எழவில்லை.

அதற்குப் பிறகு டப்பா மாட்டினார்கள். கும்மிடிப்பூண்டியில் நான் இருந்த யூனிட்டில் செய்த டப்பா. ஏற்றியது நானாகவும் இருக்கலாம், எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்த ரஹீம் பாயாகவும் இருக்கலாம்.

டப்பா வந்த கொஞ்ச நாளிலேயே தம்பி ஆட்கள் ஒன்றைக் கண்டுபிடித்தார்கள். பீடியை இழுத்து அதன் மூக்குக்கு நேராக ஊதினால் ஊளையிடும். ஊளையிட்டால் எல்லோரும் வெளியே ஓட வேண்டும் என்பது சட்டம். வெளியே ஓடினால் டீக்கடை. ஆலைக்குள் பீடியே பிடிக்கக் கூடாது, ஆனாலும் பிடித்தார்கள். ஊரிலிருந்து பேசும்போதெல்லாம் தம்பி இதைச் சொல்லிச் சிரிப்பான்.

"அண்ணா, உன் டப்பா இன்னிக்கு ரெண்டு தபா டீ வாங்கிக் குடுத்துச்சு."

"மேஸ்திரி சும்மா உட்டாரா?"

"அவருக்கும் சேத்துதான ஊதுறோம்."

திட்டுவேன். ஆனால் மனசுக்குள் ஒரு நிம்மதி இருக்கும். கத்துகிறது. கத்தட்டும்.

3

எங்கள் யூனிட்டில் ஏற்றும் மேசை ரஹீம் பாயுடையது. பழவேற்காட்டுக்காரர். குடும்பமே ஜவுளி வியாபாரம். இவர் மட்டும் துணியைவிட ஒயர் மேல் என்று வந்துவிட்டார். தொழில் எனக்கு அவரிடமிருந்து வந்தது.

அங்கே கரண்ட் எப்போது போகும், எப்போது வரும் என்று யாரும் சொல்ல முடியாது. போகும்போது ஒன்றும் ஆகாது. திரும்பி வரும்போது ஓர் உதை உதைக்கும். அந்த நேரம் ஒயரில் மாட்டியிருக்கும் போர்டு செத்துவிடும். அதனால் பாய் ஒரு வழக்கம் வைத்திருந்தார். பச்சை கண்ணில் பட்டதும் கை கழட்ட வேண்டும். யோசிக்கக் கூடாது, பக்கத்து ஆளிடம் பேசிக்கொண்டிருந்தாலும் கழட்ட வேண்டும். புதிதாக வருகிறவர்களைப் பார்த்து, "கண்ணுக்கும் கைக்கும் நடுவுல மூளைய உடாத, பேஜாரு" என்பார்.

அந்தப் பழக்கம் எங்கள் எல்லோருக்கும் எலும்பில் ஏறிவிட்டது. கும்மிடிப்பூண்டி ரோட்டில் பஸ்ஸில் போகும்போது சிக்னல் பச்சை விழுந்தாலும் எனக்குக் கை துடிக்கும்.

பினாங்குக் கம்பெனி எங்கள் யூனிட்டை வாங்கியது. பயிற்சிக்கென்று சிலரை இங்கே கூட்டி வந்தார்கள். மற்றவர்கள் திரும்பினார்கள். நான் திரும்பவில்லை. லெட்சுமியைக் கட்டிக்கொண்டேன். அவள் இங்கேயே பிறந்து வளர்ந்தவள்.

4

வருடா வருடம் விசா புதுப்பிக்க வேண்டும். நான் மட்டும் போனால் நடக்காது. பெண்டாட்டி கூடவே வந்து நிற்க வேண்டும். இன்னும் சேர்ந்துதான் இருக்கிறோம் என்று காட்டுவதற்கு. முதல் வருடம் அந்த அதிகாரி, "இஸ்த்ரி மானா?" என்று கேட்டார். மனைவி எங்கே என்று அர்த்தம். நான் குனிந்து என் சட்டைக் கசங்கலைப் பார்த்தேன். லெட்சுமி இதை எட்டு வருடமாக எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

"என்னாங்க, இந்த வருசமும் சட்டைய தேய்ச்சிட்டு வாங்க. ஆபீசர் கேப்பாரு."

போன வாரமும் போய் நின்றோம். காலையிலிருந்து பிற்பகல் வரை. நம்பர் கூப்பிடும் சத்தம் மட்டும்தான். புதுப்பித்துக் கொடுத்தார்கள்.

மகள் நித்யா ஒன்றாம் வகுப்பு. மலாய்ப் பள்ளி. வீட்டில் அம்மாவின் தமிழ், வெளியே மலாய். என் தமிழ் அவளுக்குப் பாதிதான் புரியும். போனை அவளிடம் கொடுத்தால் ஏழுமலை, "இன்னா கண்ணு, நாஷ்டா துன்னியா?" என்று கத்துவான். அவன் பேச்சே கத்தல்தான். ஆலைச் சத்தத்தில் பேசிப் பேசி அப்படி ஆகிவிட்டது. நித்யா போனைக் காதிலிருந்து தள்ளி வைப்பாள்.

"அப்பா, சித்தப்பா ஏன் கோவமா இருக்காரு?"

"கோவம் இல்லம்மா. சாப்ட்டியான்னு கேக்குறாரு."

நம்பமாட்டாள். அம்மாவிடம் ஓடிவிடுவாள். அவளுக்கு ஊர் என்றால் ஒரு கத்தல்.

5

விசா வேலை முடிந்த மறுநாள், வெள்ளிக்கிழமை, ரிவியூ வைத்தார்கள். புரோகிராமில் எதை மாற்றினாலும் மேசையைச் சுற்றி உட்கார்ந்து பார்ப்பார்கள். ஏற்றுகிறவனும் உட்கார வேண்டும் என்பது இங்கே வழக்கம். நான் கடைசி நாற்காலி. குளிராக இருக்கும். கேட்டால் பதில் சொல்வேன்.

மாற்றத்தைக் கொண்டுவந்தது ஷாமளா. புரோகிராம் கட்டுகிற இன்ஜினியர், இங்கத்துத் தமிழ்ப் பெண். என்னை அண்ணே என்பாள். ரிவியூவுக்கு முன்னாலேயே என் மேசைக்கு வந்து தமிழில் சொல்லிவிடுவாள். அன்றும் வந்தாள்.

"அண்ணே, இப்ப எல்லாத்தையும் ஒரே பொட்டலமா கட்டி அனுப்புறோம். ஆனா கேஸ் எவ்வளவு வந்தா கத்தணும்கிற அளவு நாட்டுக்கு நாடு வேற. ஒரு நம்பர் மாறினாலும் முழுப் பொட்டலத்தையும் மறுபடி கட்டணும். போன தடவ ஒரு நாட்டுது இன்னொரு நாட்டுக்குப் போயிருச்சில்ல?"

"ஆமா. திரும்பி வந்துச்சு."

"இனிமே பெரிய பொட்டலம் எல்லாருக்கும் ஒண்ணே. அளவு மட்டும் தனியா சின்னப் பொட்டலம். சின்னது இல்லாம பெரிசு இங்கேருந்து வெளிய போகவே முடியாது. கம்ப்யூட்டரே நிறுத்திடும்."

நல்ல யோசனை. எனக்கும் அப்படித்தான் பட்டது. அளவு மாறிப் போன டப்பா என்றால் என்ன என்று எனக்குத் தெரியும்.

"பெரிசு ஏறினா பச்சை வருமா?"

"வரும்."

"சின்னது ஏறினா?"

"அதுக்கும் வரும்ணே. ரெண்டு தடவ."

என் கை மேசைமேல் இருந்தது. அதைப் பார்த்தேன்.

"என்னாண்ணே?"

"ஊர்ல மொத பச்சையிலயே கழட்டிடுவாங்க."

கரண்ட் உதைப்பதைச் சொன்னேன். பாய் வைத்த வழக்கத்தைச் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு என் கம்ப்யூட்டரிலேயே உட்கார்ந்தாள்.

"சின்னது ஏறலன்னா டப்பா என்னா செய்யும்னு பாக்கணும்."

தேடினாள். ஓர் இடத்தில் நின்றாள். ஒருமுறை படித்துவிட்டு மறுபடியும் படித்தாள்.

"அளவு வர்ற வரைக்கும் கத்தாதுண்ணே. டெஸ்ட் ரூம்ல சும்மா சும்மா கத்துதுன்னு எல்லாரும் சொன்னோமே, அதுக்காக அப்படி வச்சிருக்கோம்."

"பட்டன் அமுக்கினா?"

"பட்டனுக்குக் கத்தும். அது ஊளை வேலை செய்யுதான்னு மட்டும் பாக்குற பட்டன்."

அப்படியானால் பச்சை எரியும். பட்டனுக்குக் கத்தும். சுவரில் அழகாக இருக்கும். கேஸ் வந்தால் மட்டும் வாயைத் திறக்காது.

அவளுக்கு என் மேசை தெரியாது. எனக்கு அவள் பொட்டலம் தெரியாது. இரண்டுக்கும் நடுவில் ஓர் ஓட்டை இருந்தது. அதை அன்றைக்குத்தான் இரண்டு பேரும் சேர்ந்து பார்த்தோம்.

ரிவியூவில் அவள் எழுந்து நின்று, தன் மாற்றத்தைத் தானே நிறுத்தினாள். சின்னப் பொட்டலமும் ஏறிய பிறகுதான் பச்சை, அதுவரை மஞ்சள் என்று மாற்ற வேண்டும் என்றாள். அளவு இல்லையென்றால் ஓயாமல் கத்த வேண்டும் என்றும் சொன்னாள். எல்லோரும் தலையாட்டினார்கள். மேனேஜர் லிம் மட்டும் பேனாவை மூடித் திறந்து மூடிக்கொண்டிருந்தார். அப்புறம் மெதுவாகச் சொன்னார். போன மாதமே சோதனைக்கென்று ஒரு லாட் போர்டுக்கு இந்த இரண்டு பொட்டல முறையே, மஞ்சள் இல்லாமல், போய்விட்டது. ரிவியூ வரை காத்திருக்க நேரமில்லை.

எங்கே என்று ஷாமளா கேட்டாள்.

அவர் என்னைப் பார்த்தார்.

6

பார்க்கிங்கில் நின்று ரஹீம் பாய்க்குப் போன் அடித்தேன். அங்கே ஜும்மா முடிந்த நேரம்.

"இன்னாபா மலேசியாகாரா, அத்தர் வாசனை அங்கயே வந்துச்சா?"

"பாய், போன மாசம் ரெண்டு பொட்டலமா ஒரு லாட் வந்துச்சே."

"வந்துச்சு. ரெண்டு தபா ஏத்தணும்னு மெயிலு. படிச்சேன். பசங்க கிட்டயும் சொன்னேன்."

"ரெண்டாவது பச்சைய பாத்தியா, பாய்?"

அவருக்குப் பின்னால் ஆட்டோ ஒன்று ஹாரன் அடித்துப் போனது.

"பாய்."

"இர்றா. யோசிக்கிறேன்." அப்புறம், "மொத பச்சை வந்துச்சு. கை கழட்டிச்சு. அடுத்தத செருகினேன். ரெண்டாவத பாத்தா மாதிரி நாபகம் இல்ல" என்றார். குரலில் கேலி போய்விட்டது.

"யாராருக்குப் போச்சு?"

"ஆலைங்களுக்கு நேரா கொஞ்சம். மிச்சம் புதுவாயல்ல டப்பா விக்கிற கடைக்காரன் எடுத்துக்கினான். அவன் யாருக்கு வித்தானோ. நான் இப்பவே வண்டிய எடுக்கிறேன்."

தம்பிக்கு அடித்தேன். அணைத்து வைத்திருப்பதாகச் சொன்னது. மறுபடி அடித்தேன். அதே பதில். ஊரில் கரண்ட் இல்லாவிட்டால் அவன் போனில் சார்ஜ் இருக்காது. அப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். வீட்டுக்கு வந்தேன். லெட்சுமி என்ன என்று கேட்டாள். ஒன்றுமில்லை என்றேன். அவள் நம்பவில்லை, ஆனாலும் தட்டை வைத்தாள்.

7

சனிக்கிழமை காலை எடுத்தான்.

"அண்ணா! இன்னா காலங்காத்தால?"

"டேய், கேஸ் டப்பா மாத்தினாங்களா?"

"ஆமா. புச்சு. நீதான் அனுப்பினியா? தூ. ஒண்ணுத்துக்கும் ஒதவாத டப்பாண்ணா. மூக்குக்கு நேரா ஊதுறேன், ரெண்டு பீடி தண்டம். கம்முனு பச்சையா முழிச்சிக்கினு கீது. ஒரு வாரமா டீக்கு வெளிய வர முடியல."

உடனே அடுத்ததைக் கேட்டேன்.

"மேஸ்திரி இன்னா சொன்னாரு?"

"பட்டன அமுக்கிப் பாத்தாரு. சூப்பரா கத்துச்சு. புச்சு டப்பா உசாரு, உங்க பீடிக்கெல்லாம் ஏமாறாதுன்னு நக்கல் பண்ணிட்டுப் போய்ட்டாரு."

"நீ இப்ப எங்க கீற?"

"கேட்டுக்கு வெளிய, பொட்டிக் கடையாண்ட. தனபாலுக்கு ஷிப்டு ஏறினதுலேருந்து தலவலி. பின்னாடி பெஞ்சில குந்திக்கினு கீறான். அவனுக்குத் தைலம் வாங்க வந்தேன்."

தனபால் அவனோடு ஒரே ஷிப்டில் வேலை செய்பவன். பெஞ்சு எது என்று நான் கேட்கவில்லை. அங்கே ஒரு பெஞ்சுதான்.

"டேய், தைலத்த போட்டுட்டு ஓடு. உள்ள போவாத. வாசல்ல நின்னு எல்லாரையும் வெளிய வரச் சொல்லு. கேஸ் வால்வ மூடச் சொல்லு."

"இன்னாண்ணா ஒளர்ற? டப்பாவே கத்தல."

"அது கத்தாதுடா. நீ கத்து!"

வீடே அதிர்ந்திருக்கும். நித்யா அறை வாசலில் நின்றாள். நான் அப்படிக் கத்தி அவள் பார்த்ததில்லை. பின்பக்கமாகவே நடந்து போய் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

போனில் அவன் செருப்புச் சத்தம். ஓடுகிறான். அப்புறம் அவன் குரல், எங்கோ தள்ளி: "டேய், வெளிய வாங்கடா! எல்லாம் வெளிய வாங்க!" யாரோ சிரித்தார்கள். "இன்னா ஏழு, டப்பா உன் வேலைக்கு ஆவலன்னு நீயே ஊளை உட ஆரமிச்சிட்டியா?" இன்னும் இரண்டு பேர் சிரித்தார்கள். "டேய் சிரிக்காதீங்கடா, கேஸுடா! தனபாலு எங்க?"

"அவன் தூங்குறான்பா. உடு."

அங்கே லைன் அறுந்தது. போன் கார்டில் பாக்கி இல்லை என்று ஒரு பெண் குரல் மலாயில் சொன்னது. மரியாதையாகத்தான் சொன்னது.

கீழே கடைக்கு ஓடினேன். கடை இன்னும் திறக்கவில்லை. அடுத்த தெருவில் ஒன்று திறந்திருந்தது. கார்டைச் சுரண்டி நம்பரை அடிக்கும்போது தப்பாக அடித்தேன். மறுபடி அடித்தேன். ரிங் போனது. யாரும் எடுக்கவில்லை. மறுபடி. மறுபடி. லெட்சுமி வந்து பக்கத்தில் நின்றாள்.

பிறகு ரஹீம் பாய் நம்பரிலிருந்து வந்தது. வெள்ளிக்கிழமையே வண்டியை எடுத்துக்கொண்டு ஒவ்வோர் ஆலையாகப் போனவர், பேட்டையின் கடைசியில் இருக்கும் அந்த வாசலுக்கு அப்போதுதான் வந்து சேர்ந்திருக்கிறார்.

"உன் தம்பி கீறான். வெளிய குந்தி வாந்தி எடுக்கிறான். ஒண்ணும் இல்ல. வாணாம்னு சொல்லியும் உள்ள பூந்து ஒருத்தன இழுத்துக்கினு வந்துட்டான்."

"தனபாலு?"

"மூச்சு கீது. ஆஸ்பத்திரிக்கு வண்டி போய்க்கினு கீது."

8

தனபால் பிழைத்துவிட்டான். இரண்டு நாள் கழித்துக் கண் திறந்தான். கை நடுங்குகிறதாம். தன் பிள்ளையைக் காட்டி யார் என்று கேட்டால் சிரிக்கிறானாம், பேர் வரவில்லையாம். வரும் என்று டாக்டர் சொல்கிறார். எப்போது என்று சொல்லவில்லை.

ஏழுமலை போனில் முன்போல் கத்துவதில்லை. மெதுவாகப் பேசுகிறான். நித்யா இந்த முறை போனைத் தள்ளி வைக்கவில்லை. "சித்தப்பாவுக்கு என்னாப்பா ஆச்சு?" என்று கேட்டாள்.

ஷாமளாவின் மாற்றம் இப்போது மஞ்சள் விளக்கோடு வருகிறது. ரஹீம் பாய் ஆலைகளுக்குப் போனதையெல்லாம் திரும்ப வாங்கிவிட்டார். கம்பெனியும் ஆள் அனுப்பியிருக்கிறது. ஆனால் புதுவாயல் கடையிலிருந்து விற்றவை எங்கே போயின என்று கடைக்காரருக்கே தெரியவில்லை. வந்தார்கள், வாங்கினார்கள், போனார்கள் என்கிறார். பள்ளிப்பட்டுப் பக்கம் ஒருவர் இரண்டு எடுத்துப் போனதாக மட்டும் ஞாபகம்.

அவை எங்கேயோ சுவரில் இருக்கின்றன. பச்சையாக எரிந்துகொண்டு, சத்தம் போடாமல். புது டப்பா நல்ல டப்பா, தொல்லை கொடுப்பதில்லை என்று யாராவது சொல்லிக்கொண்டிருப்பார்கள்.

அதனால் இதைப் படிக்கிறவர்களுக்குச் சொல்கிறேன். உங்கள் ஆலையில், உலையில், பட்டறையில் சமீபத்தில் புது கேஸ் டப்பா மாட்டியிருந்தால் பட்டனை நம்ப வேண்டாம். சுவரிலிருந்து கழற்றி வெளியே, காற்றுள்ள இடத்துக்குக் கொண்டு போங்கள். உள்ளே பேட்டரி இருக்கிறது, கரண்ட் இல்லாமலும் உயிரோடு இருக்கும். ஒரு பீடி பற்றவைத்து அதன் மூக்குக்கு நேராக ஊதுங்கள். மேஸ்திரி திட்டினால் திட்டட்டும்.

கத்தினால் திரும்ப மாட்டிவிட்டு டீ குடியுங்கள்.

கத்தவில்லை என்றால் உள்ளே போகாதீர்கள். வாசலில் நின்று நீங்கள் கத்துங்கள்.